நாய்க்கும் பூனைக்கும் பொங்கல் பலகாரம்

மாட்டுப் பொங்கலுக்குக் கோழிக் குழம்பு கூட்டும் முன்பே நான்கைந்து துண்டுகளைத் தனியாக எடுத்து, வெறும் நீரில் வேகவைத்து, எலும்பு நீக்கி உதிர்த்து, உப்பிடாத கேழ்வரகுக் களியுடன் பிசைந்து, நெல்லிக்காய் அளவில் தட்டித் தோசைக்கல்லில் எண்ணெயின்றி வாட்டினால் நாய்க்கான பலகாரம் தயார். களி தருமபுரி வீடுகளில் எப்படியும் இருப்பதால் கடை பிஸ்கட்டுச் செலவு மிச்சமாகும்.

குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும், வெந்த பின்னும்கூட, நாய், பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சர்க்கரைப் பொங்கலின் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். மிச்சம் மீதியைத் தட்டோடு நகர்த்திவைக்கும் நம் வழக்கம் இங்கே உதவாது.

பூனை இறைச்சியுண்ணி என்பதால் அதற்குக் களி வேண்டாம், வெந்த கோழி மட்டும் போதும். நீரிழிவோ சிறுநீரக நோயோ கோழி ஒவ்வாமையோ உள்ள பிராணிகளுக்கு, கால்நடை மருத்துவரைக் கேட்காமல் இதைக் கொடுக்கக் கூடாது.