பலசாலி மணிக்கட்டைப் பிடித்தால்: கட்டைவிரல் பக்கம் வழி இருக்கிறது

உங்களைவிடப் பெரிய ஆள் மணிக்கட்டைப் பற்றினால் முதலில் தோன்றுவது கையைப் பின்னால் இழுப்பதுதான். அதுதான் தவறு. நேராக இழுத்தால் அது வெறும் கயிறு இழுக்கும் போட்டி. எடை அதிகமுள்ளவர் ஜெயிப்பார்.

பிடியில் ஒரு பக்கம் நான்கு விரல்கள், மறுபக்கம் ஒரே ஒரு கட்டைவிரல். கட்டைவிரல் நுனியும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடமே பலவீனம். மணிக்கட்டைத் திருப்பி, அதன் தட்டையான பக்கத்தை அல்ல, ஒல்லியான விளிம்பை அந்த இடைவெளிக்கு நேராக வையுங்கள். பிறகு ஒரு அடி அவரை நோக்கி வைத்து, உங்கள் முழங்கையை அவருடைய முழங்கை இருக்கும் திசையில் மடக்குங்கள். எதிரியை நெருங்குவதா என்று தயக்கம் வரும். ஆனால் முன்கை நெம்புகோலாக வேலை செய்வது அப்போதுதான். கை தோள்பட்டையோடு மட்டும் அசையாமல், இடுப்பும் சேர்ந்து திரும்ப வேண்டும்.

அவர் இரண்டு கைகளாலும் உங்கள் ஒரே மணிக்கட்டைப் பிடித்திருந்தால், பிடிபடாத கையை அவர் கைகளுக்கு நடுவே விட்டு உங்கள் முஷ்டியையே பிடித்து, எதிர்ப்பக்கத் தோளை நோக்கி மேலே இழுங்கள்.

மெதுவாகச் செய்தால் அவர் பிடியை மாற்றிக்கொள்வார். அதனால் ஒரே வீச்சு. கத்திக்கொண்டே செய்வது நல்லது: ஆள் ஒரு கணம் தடுமாறுவார், சுற்றியிருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். பிடி விட்டதும் நின்று சண்டை போடாதீர்கள், ஓடுங்கள்.

பயிற்சிக்கு வரும் நண்பரிடம் முழு பலத்தோடு பிடிக்கச் சொல்லுங்கள். தளர்வான பிடியில் எல்லா உத்தியும் பலிக்கும்.