டிஸ்ப்ளே மாற்றக் கொடுக்கும் முன்

இஎம்ஐ-யில் வாங்கிய போன் உடைந்துபோனாலும் மாதத் தவணை நிற்காது. வாரண்டியும் கைகொடுக்காது, அது தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். கீழே விழுந்தது, தண்ணீர் பட்டது எல்லாம் நம் செலவு. (பல மாடல்களில் சிம் ட்ரே துளைக்குள் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், ஈரம் பட்டால் சிவந்துவிடும். சர்வீஸ் சென்டரில் டார்ச் அடித்துப் பார்ப்பது அதைத்தான்!)

உடைந்தது மேல் கண்ணாடி மட்டும்தானா என்று முதலில் பாருங்கள். படம் தெளிவாகத் தெரிந்து, டச்சும் வேலை செய்தால் கண்ணாடியை மட்டும் மாற்றித் தரும் கடைகள் உண்டு. செலவு நன்றாகவே குறையும். கறுப்புத் திட்டோ பச்சைக் கோடோ இருந்தால் காம்போவைத்தான் (கண்ணாடி, டச், டிஸ்ப்ளே மூன்றும் சேர்ந்த ஒரே பாகம்) மாற்ற வேண்டும்.

வெளிக்கடையில் காம்போ மாற்றினால் உஷார். அமோலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் டிஸ்ப்ளே) போனுக்கு, பின்னால் விளக்கு எரியும் மலிவான எல்சிடி காப்பியைப் போட்டு "ஒரிஜினல் மாதிரிதான் சார்" என்பார்கள். காசு கொடுக்கும் முன் ஸ்க்ரீனுக்குள் உள்ள கைரேகை சென்சாரை வைத்துப் பாருங்கள், எல்சிடியில் அது வேலை செய்யாது. முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து, வெளி வெளிச்சத்தைக் கையால் மறைத்துப் பார்த்தாலும் எல்சிடியில் சாம்பல் வெளிச்சம் கசிவது தெரியும்.

அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டர் விலையைப் பல கம்பெனிகள் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன. புது போன் வாங்கும்போதே டிஸ்ப்ளே விலையைப் பார்த்துவிடுவது என் பழக்கம்.

வெளிக்கடையில் பழைய டிஸ்ப்ளேயைச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். கண்ணாடி மட்டும் போன அமோலெட்டுக்கு நல்ல மதிப்பு உண்டு, பில்லில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.