வாடி ரம் பாலைவனம்: வழிகாட்டியோடு போக எவ்வளவு ஆகும், எப்படிக் கணக்குப் போடுவது

ஜோர்டானின் தெற்கே இருக்கும் வாடி ரம்முக்கு விலை கேட்டால் 'தலைக்கு இவ்வளவு' என்றுதான் பதில் வரும். அந்த எண்ணை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். அங்கே பெரிய செலவு ஜீப். எரிபொருளும் ஓட்டுநரின் ஒரு நாளும் இரண்டு பேர் ஏறினாலும் நான்கு பேர் ஏறினாலும் ஒன்றுதான். அதனால் தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, வண்டிக்கு ஆவதை ஒரு பக்கமும் ஆளுக்கு ஆவதை மறுபக்கமும் எழுதுங்கள்.

கணக்குக்காக ஜீப்புக்கு 80 தினார், இரவுச் சாப்பாடு, காலை உணவோடு தங்கல் ஆளுக்கு 25 தினார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் போனால் தலைக்கு 65, நான்கு பேர் போனால் 45. விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் நான்கு பேர் கணக்கு. தம்பதியாகப் போகிறவர்கள் அதை நம்பி வந்து, அங்கே வேறு எண்ணைக் கேட்டுத் திகைப்பது இதனால்தான். முன்பதிவுக்கு முன் 'நாங்கள் இத்தனை பேர், மொத்தம் எவ்வளவு' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆறு பேரை ஏற்றினால் இன்னும் மலிவுதான். ஆனால் பல ஜீப்புகள் பின்பக்கம் பெஞ்சு போட்ட திறந்த பிக்கப். பைகளும் ஏறினால் காலை நீட்ட இடம் இருக்காது. தனியாகப் போகிறவர் வேறு குழுவோடு சேர்த்துவிடச் சொல்லலாம். ஆள் சேராவிட்டால் என்ன விலை என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது அரசுக்குக் கட்டுவது. வாடி ரம் நுழைவு ஆளுக்கு 5 தினார். ஜீப்காரர் சொல்லும் விலையில் இது பெரும்பாலும் சேராது. விசாவையும் நுழைவுக் கட்டணங்களையும் சேர்த்துத் தரும் ஜோர்டான் பாஸ் வாங்குவதா என்பதை, பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவை வைத்து முடிவு செய்யுங்கள். விசா 40, பெட்ரா ஒரு நாள் 50, வாடி ரம் 5, ஆக மொத்தம் 95 தினார். இவை மூன்றையும் அடக்கிய பாஸ் 70 தினார். பெட்ராவில் இரண்டு நாள் என்றால் 75, மூன்று நாள் என்றால் 80. பெட்ரா போகாதவருக்கு விசாவும் நுழைவும் சேர்ந்தே 45தான், பாஸ் வீண். இன்னொரு நிபந்தனை: நாட்டில் மூன்று இரவாவது தங்க வேண்டும், பாஸை ஜோர்டானில் இறங்குவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விசா சலுகை கிடையாது. தினார் டாலரோடு கட்டப்பட்ட நாணயம். ஒரு தினார் சுமார் 1.41 டாலர்.

ஜீப்பை எத்தனை மணி நேரத்துக்கு எடுப்பது? லாரன்ஸ் ஊற்று, கசாலி பிளவு, சிவப்பு மணல்மேடு ஆகியவை நான்கு மணி நேரத்துக்குள் அடங்கும். உம் ஃபுரூத் பாறைப்பாலத்தையும் நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் முழு நாள். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் முழு நாள் எடுப்பது பணத்தை வெயிலில் காயவைப்பதுதான். நண்பகலில் ஏதாவது பாறை நிழலில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். மதியம் தாண்டிப் புறப்பட்டு, சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு நேரே முகாமில் இறங்குவது கோடையில் சிக்கனம். ஒட்டகத்துக்குக் கணக்கு வேறு, ஓர் ஆளுக்கு ஓர் ஒட்டகம் என்பதால் ஆள் கூடினாலும் விலை பங்கு பிரியாது.

முகாமில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இணையத்தில் ஓர் இரவுக்குச் சில தினார்தான் என்று போட்டிருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். படுக்கையில் விட்டதை ஜீப்பில் பிடிப்பார்கள். அவர்களிடமே சுற்றுலா எடுத்தாக வேண்டும் என்பது நிபந்தனையாக இருக்கும். பெயரில் வாடி ரம் என்று இருந்தும் டீசே கிராமத்துப் பக்கம், வாடி ரம் பாதுகாப்புப் பகுதிக்கு வெளியே இருக்கும் முகாம்களும் உண்டு. அங்கிருந்து போகவரத் தனி வண்டிக்கூலி. கேட்க வேண்டியவை: மதியச் சாப்பாடு, குடிநீர், ரம் கிராமத்திலிருந்து அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவிடுவது, வரி. டிசம்பர், ஜனவரியில் இரவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கும் என்பதால் எத்தனை கம்பளி தருவார்கள், சூடேற்ற வசதி உண்டா என்பதும் விலையில் ஒரு பகுதியே.

பெட்ராவிலிருந்து வாடி ரம் 110 கிலோமீட்டர் போல. பெட்ராவை ஒட்டிய ஊரான வாடி மூசாவிலிருந்து அதிகாலையில் மினிபஸ் போகும். முந்தின இரவே விடுதியில் சொல்லி இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். அதை விட்டால் டாக்சி, அதாவது மறுபடியும் வண்டிக் கணக்கு. துறைமுக நகரமான அகாபாவிலிருந்து தூரம் இதைவிடக் குறைவு.

டிப்ஸுக்கு வண்டி ஒன்றுக்கு நாளைக்கு 5 முதல் 10 தினார் ஒதுக்குங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியே வையுங்கள். மழை பெய்து பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தால் பாதையும் நாளும் மாறும். பணத்தை அகாபாவிலோ வாடி மூசாவிலோ எடுத்துவிட்டு வாருங்கள், ரம் கிராமத்தில் ஏடிஎம்மை நம்ப முடியாது. இயந்திரம் 50 தினார் தாளாகக் கொடுத்தால் கடையில் மாற்றி, 1, 5, 10 தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். முகாமில் சில்லறை கிடைக்காது.