குளத்தைச் சுற்றி வர நினைப்பவர்களுக்கு: வன்னிக் காட்டுநடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்க வருகிற ஆட்கள் கூடிவிட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் வருகிற ஒவ்வொரு கூட்டமும் நாங்கள் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகளை அச்சொட்டாக விடுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. தண்ணீர் கொண்டு போங்கள், தொப்பி போடுங்கள், பிளாஸ்டிக் எறியாதீர்கள் என்பதெல்லாம் இங்கே இல்லை. அது தெரியாதவர் இதை வாசித்துத் திருந்தப் போவதில்லை.

குளத்தை ஒரு சுற்றுச் சுற்றுவது

இதை நீளமாகத்தான் சொல்ல வேண்டும். குளக்கட்டில் ஏறி நின்றவுடன் கூட்டத்தில் ஒருவருக்காவது இந்த யோசனை வந்துவிடும்: "அப்பிடியே சுத்தி வந்து இதிலையே ஏறுவம்." கைபேசியில் வரைபடத்தைத் திறந்து விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டுவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

வன்னிக் குளம் வட்டம் இல்லை. ஆற்றை மறித்து ஒரு பக்கம் மட்டும் கட்டுப் போட்டிருக்கிறார்கள். இரணைமடுவுக்குக் கனகராயன் ஆறு, வவுனிக்குளத்துக்குப் பாலியாறு, முத்தையன்கட்டுக்குப் பேராறு. அந்தக் கட்டு மட்டும்தான் மட்டமான நடைபாதை. மற்றப் பக்கங்களில் நிலம் எப்படி வளைகிறதோ தண்ணீரும் அப்படியே வளைந்து கிடக்கும். ஆறு வந்து விழும் இடத்தில் ஒரு நீளமான கை, ஓடைகள் விழும் இடமெல்லாம் விரல்கள். ஒவ்வொரு விரலையும் கடக்கக் காட்டுக்குள் ஏறி, ஓடை ஒடுங்கும் இடம் தேடிப் பிடித்து, மறுபக்கத்தால் திரும்ப இறங்க வேண்டும். எதிர்க்கரை கண்ணுக்கு முன்னால் நிற்கும். கால் மணி நேரம் நடந்த பிறகும் அதே தூரத்தில்தான் நிற்கும்.

வரைபடமும் உதவாது. அதில் நீலத்துக்கு ஒரே ஒரு கரைதான் போட்டிருக்கிறது. தையில், மாசியில் தண்ணீர் காட்டு மரங்களின் அடிவரைக்கும் ஏறி நிற்கும். ஆவணியில், புரட்டாதியில் அதே குளம் நடுவுக்கு ஒதுங்கி, நிரம்பியபோது தண்ணீருக்குள் இருந்த அலைகரை முழுக்க வெளியே கிடக்கும். வரைபடத்தில் தண்ணீராகத் தெரிவது தரையில் பச்சைப் புல்வெளி. "பார்த்தியா, குறுக்கால போகலாம்" என்று அடுத்த யோசனை அங்கேதான் பிறக்கிறது.

அந்த வெளியில் இறங்க முன்னர் மண்ணைக் குனிந்து பாருங்கள். பாளம் பாளமாக வெடித்து, ஒவ்வொரு பாளத்தின் ஓரமும் மேல்நோக்கிச் சுருண்டு, மிதித்தால் நொறுங்கினால் ஓரளவுக்கு நம்பலாம். ஓரம் சுருளாமல், வெடிப்புக்குள் கறுப்பாக மினுங்கினால் கீழே சுரி, கால் புதையும் சேறு. எருமையின் குளம்படி ஆழமாகப் பதிந்து அதற்குள் தண்ணீர் ஊறியிருந்தால் தடியால் குத்திப் பார்க்கவும் தேவையில்லை, திரும்பிவிடுங்கள். ஓடை வந்து விழும் வாய்தான் கடைசியாகக் காயும் இடம். சுற்றி வருகிறவர் குறுக்கே வெட்ட ஆசைப்படும் இடமும் அதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆவணியில், ஒட்டுசுட்டானுக்கு உள்பக்கமாக இருக்கும் குளமொன்றுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மூன்று பொடியள், கனடாவிலிருந்து லீவில் வந்த மச்சாள், அவவின் தாய், பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன். கட்டில் நின்று வட்டம் போட்டதை நான் பார்த்தேன்.

"வேண்டாம் தம்பி. வான் வரைக்கும் நடந்து போட்டு வாங்கோ" என்றேன். வான் என்பது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் இடம்.

"ரெண்டு மணித்தியால நடைதானே அண்ணை" என்றான் மூத்தவன். அப்போதே காலை பத்து மணி.

முதல் ஓடையைச் சுற்றியதிலேயே மதியம் கழிந்திருக்கிறது. இரண்டாவதைச் சுற்றப் பஞ்சிப்பட்டு நேரே இறங்கியிருக்கிறார்கள். அந்த அம்மாவின் கால் முழங்கால் வரைக்கும் போய், இழுத்து எடுத்தபோது சப்பாத்து உள்ளேயே நின்றுவிட்டது. மகளின் சால்வையைக் காலில் சுற்றிக்கொண்டு நடந்தா. நாலரை மணிக்கு அவர்கள் நின்ற இடம் கட்டிலிருந்து ஆகத் தூரமான மூலை. புது மழைக்கு முந்தின அந்த மாதங்களில் காட்டுக்குள் மோட்டைகள், அதாவது சின்னக் குட்டைகள், வற்றிவிடும். அதனால் யானைகள் பின்னேரத்தில் தண்ணீருக்கும் அலைகரைப் புல்லுக்கும் இறங்கும். அன்றும் இறங்கின, இவர்களுக்கும் கட்டுக்கும் நடுவில்.

பட்டி மாடு சாய்க்க வந்த ஒரு ஐயா கண்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. "இந்த நேரத்தில மாடே அந்தப் பக்கம் போகாது, பிள்ளையள்" என்று சொல்லி, பழைய வண்டில் பாதையால் காட்டுக்குள் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோய் விட்டார். நாங்கள் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் போய் அவர்களை ஏற்றி வரும்போது இரவு ஒன்பதைத் தாண்டிவிட்டது. அம்மாவின் உள்ளங்காலில் மூன்று இடத்தில் வெட்டு, உள்ளே சேறு.

இவ்வளவும் நடந்ததில் எனக்குக் கோபம் இல்லை. மறுநாள் காலையில் மூத்தவன் சொன்னதுதான் இன்றைக்கும் எரிகிறது: "யானை மட்டும் குழப்பாட்டி முடிச்சிருப்பம் அண்ணை." யானை ஒன்றையும் குழப்பவில்லை. அது தினம் வரும் நேரத்துக்குத் தினம் வரும் இடத்துக்கு வந்தது. பத்து மணிக்குக் கிளம்பியதும், திரும்பும் நேரம் என்று ஒன்றை வைக்காததும், மூட்டு வலிக்கார அம்மாவைக் கடைசி ஆளாக நடக்க விட்டதும்தான் குழப்பம். அந்தப் பொடியன் அடுத்த வருடமும் வேறொரு குளத்தில் அதே வட்டத்தைப் போட்டதாகக் கேள்வி.

போன வழியால் திரும்பி வாருங்கள். அவ்வளவுதான். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. போகும்போது ஓர் இடத்தைக் குறி வைக்காமல் ஒரு நேரத்தைக் குறி வையுங்கள். ஆறே காலுக்குக் கிளம்பினால் எட்டேகாலுக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே திரும்பல். கோடையில் பத்தரைக்கு முன் எல்லாரும் நிழலில் இருக்க வேண்டும். பின்னேரம் நடக்கிறவர்களுக்குக் கணக்கு இன்னும் இறுக்கம். மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும், ஆனியில் ஆறரையைத் தாண்டும். பாலையும் வீரையும் அடர்ந்த காட்டுக்குள் மைம்மல் இருட்டு அதற்கும் அரை மணி நேரம் முந்தி வந்துவிடும்.

எல்லாருக்கும் ஒரே பாதை

தாத்தாவும் பேத்தியும் உதைபந்தாட்டக்காரனும் ஒரே பாதையில் போனால் ஒருவருக்கும் நடை இனிக்காது. குளத்தடியில் மூன்று விதமான நடை பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை ஏனோ ஒருவரும் பார்ப்பதில்லை.

முதலாவது கட்டு. மட்டம், விலகிப்போக வழியில்லை, களைத்தவர் எந்த இடத்திலும் திரும்பலாம். ஆனால் நிழல் இல்லை, சோளகம் அடிக்கிற மாதங்களில் சின்னப் பிள்ளைகளைத் தள்ளிவிடும் காற்று. இரண்டாவது, துருசிலிருந்து, அதாவது குளத்து மதகிலிருந்து, வயலுக்குப் போகும் வாய்க்கால் பாதை. மருத மர நிழல் கிடைத்தால் கிடைக்கும், மண் மிதிக்க மெது, வழியில் வீடுகள் உண்டு. முழங்கால் நோ உள்ளவர்களுக்குக் கட்டின் கிறவலைவிட இது நல்லது. மூன்றாவது காட்டுக்குள் போகும் வண்டில் பாதை. அது நல்ல காலுள்ளவர்களுக்கும் ஊர் ஆள் ஒருவர் கூட வருகிறவர்களுக்கும் மட்டும்.

கூட்டத்தைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாள் வைத்து, துருசடியில் இத்தனை மணிக்குச் சந்திப்பது என்று பேசிக்கொண்டு போங்கள். பிரிக்க விருப்பமில்லை என்றால் ஆக மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்த ஆளாக விடுங்கள். கடைசியில் விட்டால் முன்னால் போனவர்கள் இளைப்பாறி முடித்து எழும்பும் நேரத்தில்தான் அவர் வந்து சேர்வார். அவருக்கு இளைப்பாறல் என்பதே கிடைக்காது. கலப்பான கூட்டத்துக்குக் காட்டுப் பாதையில் மணிக்கு இரண்டு கிலோமீற்றர் என்று கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் போட்டால் ஏமாற்றம்தான்.

"சும்மா உள்ள ஒருக்கால்"

படம் எடுக்க, விளாம்பழம் பொறுக்க, ஒதுங்க என்று பாதையை விட்டு இறங்குவது. மற்ற நாடுகளின் நடைக் குறிப்புகளைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படும். இங்கே அப்படி இல்லை. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் சேர்ந்தது. அகற்றும் வேலை அதற்கு முன்பே தொடங்கி இன்னும் நடக்கிறது. வீடு, வயல், பாதை என்று ஆட்கள் புழங்கும் நிலங்களுக்குத்தான் முதலிடம். காடு பிந்தித்தான் வரும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடத்தில் நிற்க வேண்டாம் என்பது சரி. பலகை இல்லாத இடம் எல்லாம் துப்புரவான இடம் என்று நினைப்பது பிழை. வெள்ளம் மண்ணோடு வெடிபொருட்களையும் நகர்த்தும். துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பிப் போய் ஊரில் சொல்லுங்கள்.

கட்டுத்துவக்கு இன்னொன்று. பன்றிக்காகக் கள்ளத்தனமாக வைப்பது. மிருகப் பாதைக்குக் குறுக்கே ஒரு மெல்லிய நூல், அதன் முனையில் துவக்கின் விசை. பன்றியின் உயரத்துக்கு வைத்த குறி மனிதனுக்கு முழங்காலில் விழும். காட்டில் தெளிவாகத் தெரியும் ஒடுங்கிய தடம் எல்லாம் ஆட்கள் நடந்த தடம் என்று நம்பிவிடாதீர்கள். வண்டில் சில்லு, சைக்கிள் சில்லு அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒதுங்க வேண்டுமானால் கிளம்ப முன்னர் ஊரிலேயே.

பாலைப்பழக் காலம்

வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும். நடைக்கு நல்ல காலம், பழத்துக்கும் நல்ல காலம். கரடிக்கும் அதுவே. வெளியில் நிற்கும் யானை பெரும்பாலும் தூரத்திலேயே தெரியும், ஒதுங்க நேரம் தரும். கரடி அப்படி இல்லை. பழத்திலோ புற்றிலோ மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்கும்போது ஆள் வருவது அதற்குத் தெரியாது. திடுக்கிட்டால் நேரே முகத்துக்குத்தான் பாயும். காட்டூரில் முகத்தில் தழும்போடு இருக்கும் தேன்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பாலை மரத்தின் பட்டையில் புதுக் கீறல், பாதையில் பழக்கொட்டை நிறைந்த எச்சம், இரண்டில் ஒன்றைக் கண்டாலும் பற்றைக்குள் போகாமல் திரும்புங்கள். பற்றை அடர்ந்த இடத்தில் சாதாரணமாகப் பேசிக்கொண்டே நடப்பது நல்லது.

பாட்டுப்பெட்டி

பேச்சு வேண்டும், பாட்டு வேண்டாம். கொப்பு முறியும் சத்தம் உங்களுக்குக் கேட்க வேண்டும்.

குளத்தில் இறங்கிக் குளிப்பது

முதலை.

வான் பாயும்போது கடந்து பார்ப்பது

2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: முழங்கால் அளவு ஓட்டமே ஆளைச் சாய்க்கும். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வான் தெரியும் இடத்தில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது

புடையன் சருகோடு சருகாகக் கிடக்கும். கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பார்வை பார்க்க ஆள் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். ஆளை நடக்க விடாமல், கடிபட்ட காலை அசையாமல் வைத்து, 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வர முடியாத பாதை என்றால் வரக்கூடிய இடம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போங்கள். சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதைப் போகும்போதே பார்த்து வைத்திருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

கேளாமல் போவது

ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015 இலிருந்து தேசிய பூங்காக்கள். அங்கே நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது, வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்க வேண்டும். மற்றக் காடுகளுக்கு வனவளத் திணைக்களம். கடதாசி கையில் இருந்தாலும் குளத்தடி ஊரில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்று, "நேற்று யானை எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். எந்த அலுவலகத்திலும் அதற்குப் பதில் கிடைக்காது.

காய்ச்சலை மறைப்பது

வீட்டுக்குப் போனவுடன் நடை முடிந்தது என்று நினைக்கிறார்கள். குளித்து, உடுப்பை வெந்நீரில் போட்டு, இடுப்பு மடிப்பு, கக்கம், முழங்காலின் பின்பக்கம் எல்லாம் உண்ணி பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சலும் தலையிடியும் வந்து, உடம்பில் எங்காவது நோவில்லாத கறுத்த பொருக்கு ஒன்று இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். சேற்றில் வெட்டுக்காயத்தோடு நின்றவருக்கு எலிக்காய்ச்சலும் வரலாம். இரண்டுக்கும் மருந்து உண்டு, பிந்தினால்தான் சிக்கல். வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்: எந்தக் காட்டில், எந்தத் திகதியில், சேற்றில் இறங்கினீர்களா இல்லையா என்று.