லாகின் படிவம் ஒன்று, பக்கங்கள் பல: ஜாங்கோவில் நான் செய்யும் முறை

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்துக்காக ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையதளம் கட்டும் சட்டகம்) ஒரு தளம் நடத்துகிறேன். நூல் தேடலாம், முன்பதிவு செய்யலாம், எடுத்த நூலைப் புதுப்பிக்கலாம். தொடக்கத்தில் லாகின் படிவத்தை முகப்பு, நூல் பக்கம், புதுப்பிக்கும் பக்கம் என்று மூன்று டெம்ப்ளேட்டுகளில் (பக்கத்தின் வார்ப்புருக் கோப்புகளில்) நகலெடுத்து ஒட்டியிருந்தேன். ஒருநாள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஏம்மா, நூலைத் தேடிப் பிடித்து முன்பதிவு செய்யலாம் என்று உள்ளே நுழைந்தால், முகப்புக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறதே. மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது" என்றார்.

திறந்து பார்த்தேன். புதுப்பிக்கும் பக்கத்து நகலில், திரும்ப வேண்டிய முகவரியைச் சுமக்கும் 'நெக்ஸ்ட்' என்ற மறைபுலம் (திரையில் தெரியாத புலம்) இருந்தது, நூல் பக்கத்து நகலில் இல்லை. எழுபது வயதைக் கடந்தவர் ஒவ்வொரு முறையும் தேடலை முதலிலிருந்து செய்திருக்கிறார். அன்று மாலையே மூன்று நகல்களையும் எடுத்துவிட்டு ஒரே கோப்பாக்கினேன்.

லாகின் படிவத்தில் பக்கத்துக்குப் பக்கம் மாற வேண்டியது ஒன்றுதான்: உள்ளே நுழைந்தபின் திரும்ப வேண்டிய முகவரி. மற்றதெல்லாம் எங்கும் ஒன்றே. ஆகவே பயனர்பெயர், கடவுச்சொல், பொத்தான், சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (படிவம் நம் தளத்திலிருந்தே வருகிறது என்று காட்டும் ரகசியக் குறி), 'நெக்ஸ்ட்' மறைபுலம் ஆகியவை மட்டும் கொண்ட ஒரு சிறு டெம்ப்ளேட் எழுதுங்கள். தனிப் பக்கம் அல்ல, துண்டு என்று தெரிய அதன் பெயரை அடிக்கோட்டில் தொடங்குவது என் வழக்கம். படிவத்தின் 'ஆக்‌ஷன்', அதாவது படிவம் போய்ச் சேரும் முகவரி, எப்போதும் லாகின் பக்கத்தினுடையதாகவே இருக்கட்டும். அதை வெறுமையாக விட்டால் படிவம் தான் இருக்கும் பக்கத்துக்கே போகும். அங்கே அதைக் கையாள ஆள் இருக்காது.

வேண்டிய பக்கங்களில் இந்தத் துண்டை 'இன்க்ளூட்' கட்டளையால் சேர்த்து, அதே வரியில் 'வித்' கொண்டு திரும்பும் முகவரியைக் கொடுங்கள். அதற்கு ரிக்வெஸ்டின் (உலாவி அனுப்பிய கோரிக்கையின்) 'பாத்' போதாது, 'கெட்_ஃபுல்_பாத்' வேண்டும். தேடல் பட்டியலின் மூன்றாம் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார் என்றால், தேடிய சொல்லும் பக்க எண்ணும் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. 'பாத்' அதை வெட்டிவிடும். படிவத்துக்குப் பதில் இணைப்பு மட்டும் வைக்கிறீர்கள் என்றால் அந்த முகவரியை 'யூஆர்எல்என்கோட்' வடிகட்டி வழியாக அனுப்புங்கள். இல்லையென்றால் முதல் 'அண்ட்' குறிக்குப் பின்னுள்ளவை உதிர்ந்துபோகும்.

லாகின் பக்கமும் இதே துண்டைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் அங்கே 'கெட்_ஃபுல்_பாத்' கொடுக்காதீர்கள். கொடுத்தால், சரியான கடவுச்சொல்லைத் தட்டியவருக்கும் லாகின் பக்கமே மீண்டும் வந்து நிற்கும், தவறாகத் தட்டிவிட்டோமோ என்று அவர் கலங்குவார். ஜாங்கோவோடு வரும் லாகின் நிரலான 'லாகின்வியூ' தானே டெம்ப்ளேட்டுக்கு 'நெக்ஸ்ட்' மதிப்பைத் தருகிறது, அதைக் கொடுங்கள். அது வெறுமையாக இருந்தால் செட்டிங்ஸில் உள்ள 'லாகின்_ரீடைரக்ட்_யூஆர்எல்' எடுத்துக்கொள்ளப்படும். அதை நீங்கள் குறிப்பிடாவிட்டால் ஜாங்கோ 'அக்கவுண்ட்ஸ்/புரொஃபைல்' என்ற முகவரிக்கு அனுப்பும். பெரும்பாலான தளங்களில் அப்படி ஒரு பக்கமே இல்லை, 404தான் வரும்.

கடவுச்சொல் தவறினால் பிழைச்செய்தியோடு லாகின் பக்கம் வரும். அங்கும் திரும்பும் முகவரி தொலையாமல் கூடவே வரும். முகவரியில் யாராவது வேறொரு தளத்தைச் செருகி, நம் லாகின் வழியே ஆட்களைப் போலிப் பக்கத்துக்குக் கடத்த முயன்றால் 'லாகின்வியூ' அதை ஏற்காது. 2017இல் வந்த ஜாங்கோ 1.11 பதிப்பிலிருந்து 'லாகின்வியூ' இருக்கிறது. இவ்வளவையும் செய்து வைத்திருக்கும்போது சொந்தமாக லாகின் வியூ எழுதாதீர்கள்.

இனி எனக்கு ஒரு மாலைப் பொழுதைப் பறித்த விஷயம். துண்டு டெம்ப்ளேட்டுக்குத் தேவையானது மட்டும் போகட்டும் என்று 'இன்க்ளூட்' வரியின் கடைசியில் 'ஒன்லி' சேர்த்திருந்தேன். படிவம் அழகாகத் தெரிந்தது. பொத்தானை அழுத்தினால் 403, அதாவது அனுமதி மறுப்பு. பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தபோது டோக்கன் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. 'ஒன்லி' போட்டால் டோக்கனும் உள்ளே வராது. திரையில் ஒரு குறையும் தெரியாததால் படிவத்தையே வெகுநேரம் வெறித்துக்கொண்டிருந்தேன். டீபக் (பிழை தேடும்) முறையில் ஓடும்போது சர்வர் முனையத்தில் இதற்கு எச்சரிக்கை வரும். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

புலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜாங்கோவின் ஆயத்த லாகின் படிவமான 'ஆத்தென்டிகேஷன்ஃபார்ம்' தன் பயனர்பெயர் புலத்தில் 'ஆட்டோஃபோகஸ்' (பக்கம் திறந்ததும் கர்சரை அங்கே வைப்பது) வைத்திருக்கிறது. லாகினுக்கென்றே உள்ள பக்கத்தில் அது வசதி. எல்லாப் பக்கங்களின் தலைப்பகுதியிலும் அதையே வைத்தால், நூல் விவரம் படிக்க வந்தவரின் கர்சர் லாகின் பெட்டிக்குத் தாவும். திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கு இது பெருந்தொல்லை. அதனால் துண்டில் இரண்டு புலங்களையும் கையாலேயே எழுதுகிறேன். பெயர்கள் 'யூசர்நேம்', 'பாஸ்வேர்ட்' என்றே இருக்க வேண்டும். 'ஆட்டோகம்ப்ளீட்' மதிப்பாக முதலாவதற்கு 'யூசர்நேம்', இரண்டாவதற்கு 'கரண்ட்-பாஸ்வேர்ட்' கொடுத்தால் உலாவி சேமித்த கடவுச்சொல்லைத் தானே நிரப்பும். தலைப்பகுதியில் படிவம் வைத்தால் லாகின் பக்கத்தில் மட்டும் அதை மறைத்துவிடுங்கள். ஒரே ஐடி (புலத்தின் அடையாளப் பெயர்) இரண்டு இடத்தில் இருந்தால், கீழுள்ள படிவத்தில் புலத்தின் பெயரைத் தொட்டால் கர்சர் மேலுள்ள படிவத்தின் பெட்டிக்குப் போகும்.

எல்லாப் பக்கங்களிலும் முழுப் படிவம் வைப்பதை நான் இப்போது விரும்புவதில்லை. டோக்கன் உள்ள ஒவ்வொரு பக்கமும் குக்கீயைப் பொறுத்து மாறும் பக்கமாகிவிடும், கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்து எல்லாருக்கும் பரிமாற முடியாது. நூல் பட்டியல் போன்ற பொதுப் பக்கங்களில் இணைப்பு மட்டும் வைத்தேன். முன்பதிவு, புதுப்பித்தல் பக்கங்களில்தான் படிவம். வெளியேறும் பொத்தானும் இதே துண்டில்தான் இருக்கிறது. ஜாங்கோ 5.0 பதிப்பிலிருந்து வெளியேறுவதற்கும் போஸ்ட் முறையில் (தரவை அனுப்பும் முறையில்) படிவம் கட்டாயம், வெறும் இணைப்பு வேலை செய்யாது.

ஒருவர் இரண்டு தாவல்கள் திறந்து, ஒன்றில் நுழைந்துவிட்டு, மற்றதில் பழைய படிவத்தை அனுப்பினால் 403 வரும். உள்ளே நுழையும்போது ஜாங்கோ டோக்கனை மாற்றிவிடுவதுதான் காரணம். டெம்ப்ளேட் கோப்புறையில் '403_சிஎஸ்ஆர்எஃப்' என்ற பெயரில் ஒரு எச்டிஎம்எல் கோப்பு வைத்தால் ஆங்கிலப் பிழைப்பக்கத்துக்குப் பதில் அது தெரியும். என் கோப்பில், "நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கலாம். முந்தைய பக்கத்துக்குப் போய் அதைப் புதுப்பித்துப் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறேன்.

கடைசியாக, டெம்ப்ளேட் கோப்புறை முழுவதிலும் கையால் எழுதிய 'பாஸ்வேர்ட்' வகைப் புலத்தைத் தேடுங்கள். எனக்கு இரண்டு கோப்புகள் வந்தன. ஒன்று புதிய துண்டு. மற்றது, நான் மறந்தே போயிருந்த அபராதத் தொகைப் பக்கத்தில் கிடந்த நான்காவது நகல்.