எஃப்.சி.க்குப் போகும் முன்னால் பெயிண்டரை அல்ல, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்

வண்டிக்கு எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று வாங்கும் தேதி நெருங்குகிறது என்றால் நம்ம பக்கத்தில் முதல் ஃபோன் பெயிண்டருக்குத்தான் போகும். கேபினுக்கு ஒரு கோட்டிங், பம்பருக்கு மஞ்சளும் கறுப்பும், பாடியில் புது எழுத்து, எல்லாம் முடிந்து வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். பிரேக் ஞாபகம் வருவது முதல் நாள் சாயந்தரம். இந்த வரிசையை மாற்றுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என்னிடம் ஒரு குட்டி யானை (டாடா ஏஸ் லோடு வண்டி) இருக்கிறது, ஒன்பது வயசு ஆகிறது, ஏற்காட்டுப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காப்பிக்கொட்டையும் மிளகும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலம் லீ பஜாருக்கு வருகிற வண்டி. அதற்கு பிரேக்தான் உயிர்.

முதலில் எந்த வண்டிக்கு எப்போது என்று பார்த்துவிடலாம். மஞ்சள் போர்டு வண்டி எதுவாக இருந்தாலும், லோடு வண்டி, டாக்ஸி, வேன், லாரி எல்லாவற்றுக்கும் தகுதிச் சான்று வேண்டும். புது வண்டிக்கு முதல் இரண்டு வருஷம் கவலை இல்லை. அப்புறம் எட்டு வயசு வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, எட்டு தாண்டிவிட்டால் வருஷா வருஷம். வெள்ளை போர்டு சொந்தக் கார், பைக் வைத்திருப்பவர்களுக்கு 15 வருஷம் வரை இந்த வேலை கிடையாது, அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போது வண்டியைக் காட்ட வேண்டும்.

எஃப்.சி. இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 56-ஆம் பிரிவுப்படி, தகுதிச் சான்று இல்லாத வண்டி முறையாகப் பதிவு செய்யப்பட்ட வண்டியே அல்ல. பிடித்தால் முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் பிடித்தால் 10,000 வரை போகும். ஆனால் எனக்கு அபராதத்தைவிடப் பெரிய பயம் இன்சூரன்ஸ். மலை இறக்கத்தில் ஏதாவது ஆகி, அன்றைக்குப் பார்த்து எஃப்.சி. முடிந்திருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கையில் எடுப்பது அந்தத் தேதியைத்தான். அப்புறம் கோர்ட்டு, வக்கீல் என்று வருஷக்கணக்கில் அலைய வேண்டும்.

சரி, தேதிக்கு ஒரு மாசம் முன்னால் தொடங்குங்கள். முதல் வாரம் பேப்பர் வேலை. பரிவாஹன் இணையதளத்தில் வண்டி நம்பரையும் சேஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்தையும் போட்டால் ஆர்.சி.யில் இருக்கும் செல்போன் நம்பருக்கு ஓ.டி.பி. வரும். இந்த இடத்தில்தான் செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்கள் மாட்டுவார்கள், ஓ.டி.பி. பழைய ஓனருக்குப் போய்விடும். பெயர் மாற்றும்போதே நம்பரையும் மாற்றிவிட்டால் தொல்லை இல்லை, மாற்றாதவர்கள் இந்த வாரமே அதை முடியுங்கள். இன்சூரன்ஸ், சாலை வரி, ஏழு வயசு தாண்டிய வாடகை வண்டிக்குப் பசுமை வரி, கட்டாமல் கிடக்கும் இ-சலான் எல்லாவற்றையும் பாருங்கள். எங்கேயோ பைபாஸில் கேமரா பிடித்த ஒரு சலான் நமக்குத் தெரியாமலே நிலுவையில் இருக்கும், கடைசி நாளில் அது வந்து குறுக்கே நிற்கும். புகைச் சான்று பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிக்கு ஒரு வருஷம் செல்லும், அதற்கு முந்தைய வண்டிக்கு ஆறு மாசம்தான். பர்மிட் விஷயத்தில் நிறையப் பேருக்குக் குழப்பம் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பர்மிட்டே தேவையில்லை, குட்டி யானை அதில் அடங்கும். பெரிய வண்டிக்காரர்கள் பர்மிட் தேதியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நீங்களே செய்யலாம். கட்டணமும் அங்கேயே காட்டும், கட்டிவிட்டு நாள் எடுத்துக்கொண்டு ரசீதை பிரிண்ட் எடுத்து வையுங்கள். புரோக்கரிடம் கொடுத்தால் வேலை சுலபமாக முடியும் என்று தோன்றும், ஆனால் அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கப் போவதில்லை.

இரண்டாவது வாரம் வண்டிக்கு அடியில். இதற்கு அவசரமே படாதீர்கள்.

போன வருஷம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பட்டறையில் வண்டியை விட்டு, “எஃப்.சி. இருக்குதுங்கண்ணா, பிரேக் மொத்தமும் பாத்துருங்க” என்றேன். சாயந்தரம் போனபோது “பாத்தாச்சு தம்பி, பின்னாடி மாத்தியிருக்கு, எடுத்துட்டுப் போ” என்றார்கள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் மலையேறி, காப்பி மூட்டை ஏற்றி இறங்கினேன், வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. சோதனை நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் வேகம் எடுக்கச் சொல்லி ஒரே மிதியாக மிதிக்கச் சொன்னார். வண்டி வலது பக்கம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. இறங்கித் தரையில் இருந்த டயர் தடத்தைக் காட்டினார், வலது சக்கரத்துக்கு மட்டும் கறுப்புக் கோடு, இடது பக்கம் தரை சுத்தமாக இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார், அனுப்பியது சரிதான். வேறொரு மெக்கானிக்கிடம் போய் இடது டிரம்மைக் கழற்றினோம். வீல் சிலிண்டர் ரப்பர் கிழிந்து பிரேக் ஆயில் கசிந்து, லைனிங் (டிரம்மில் உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் பட்டை) முழுக்க ஊறி, கன்னங்கரேலென்று எண்ணெய் தடவிய பாறை மாதிரி பளபளத்தது. முதல் பட்டறையில் வலது பக்க லைனிங்கை மட்டும் மாற்றிவிட்டு இந்த டிரம்மைத் திறக்காமலே விட்டிருக்கிறார்கள். அந்த லைனிங்கோடுதான் முதல் நாள் லோடு ஏற்றி மலை இறங்கியிருக்கிறேன் என்று நினைத்தபோது வயிறு கலங்கிப் போனது, பக்கத்து சீட்டில் என் தங்கச்சி பையன் உட்கார்ந்து வந்திருந்தான்.

அதனால் பட்டறையில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். பின்னால் இரண்டு டிரம்மையும் கழற்றச் சொல்லுங்கள். லைனிங்கை மாற்றினால் இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்ற வேண்டும், ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி இழுக்கத்தான் செய்யும். வீல் சிலிண்டர் ரப்பர் உறையை விரலால் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. முன் டிஸ்க்கில் விரலை ஓட்டினால் வரி வரியாகத் தட்டுப்படக் கூடாது.

பிரேக் ஆயிலை யாரும் கண்டுகொள்வதில்லை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். டாட் 3 என்று எழுதியிருக்கும் ஆயில் புதுசாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலை இறக்கத்தில் டிரம்மும் டிஸ்க்கும் எவ்வளவு சூடாகும் என்று அடிவாரத்தில் நிற்கும் வண்டிகளின் வாசனையே சொல்லும். ஆயில் கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி வரும், குமிழி அமுங்கும், நீங்கள் மிதிக்க மிதிக்கக் கால் தரைக்குப் போகும், பிரேக் பிடிக்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், எஃப்.சி.யோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பெரியவர்கள் சொல்வதும் இதற்காகத்தான், இன்ஜின் பிடித்துக்கொண்டால் பிரேக் சூடாகாது.

வீட்டிலேயே பார்க்க இரண்டு சோதனை இருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு பிரேக்கை அழுத்தி ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருங்கள், பெடல் மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. அடுத்தது ஹேண்ட் பிரேக். சரிவான இடத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒரு சாண் தள்ளிக் கட்டை போட்டு, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்து, காலை பெடல் மேலேயே தயாராக வைத்துக்கொண்டு மெதுவாக விடுங்கள். நகர்ந்தால் கேபிளைச் சரிசெய்ய வேண்டும்.

அப்புறம் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிங் பின்னோ பால் ஜாயிண்டோ பேரிங்கோ தேய்ந்திருந்தால் கட கடவென்று ஆடும். இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் தெரியும். வளைவு வளைவாக ஓட்டுகிற நமக்கு இவை சீக்கிரம் தேயும். டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டைகளின் உயரம், 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அளவுகோல் தேவையில்லை, பட்டன் இடுக்கில் குறுக்கே சின்ன மேடு இருக்கும், பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. முன்னால் மட்டும் நல்ல டயர் மாட்டிவிட்டு பின்னால் மொட்டை டயரோடு போவது ஏமாற்று வேலை, மழைக்காலத்தில் பாசி பிடித்த மலை ரோட்டில் நம்மையே நாம் ஏமாற்றிக்கொள்கிறோம்.

விளக்கு, இண்டிகேட்டர், பிரேக் லைட், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் லைட், வைப்பர், ஹாரன் இதெல்லாம் ஐந்து நிமிஷ வேலை, ஒரு ஆளைப் பின்னால் நிற்க வைத்துப் பாருங்கள். ஏர் ஹாரன் இருந்தால் கழற்றிவிடுங்கள். முதலுதவிப் பெட்டியும் எச்சரிக்கை முக்கோணமும் வண்டியில் இருக்கட்டும். ஸ்பீடு கவர்னர் 80-க்கு மேல் விடாமல் வேலை செய்கிறதா, ஒயரைப் பிடுங்கி வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

சேஸ் நம்பர் தனி விஷயம். அதை அச்சு எடுப்பார்கள். பல வருஷத்துச் சேறும் துருவும் ஏறி நம்பர் இருக்கும் இடமே தெரியாமல் போயிருக்கும். டீசலில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடையுங்கள், பழைய பல்துலக்கி இருந்தால் இன்னும் நல்லது. எமரி பேப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்தால் நம்பரைத் திருத்தியிருக்கிறாயா என்ற கேள்வி வரும், அதற்குப் பதில் சொல்லி மாளாது. மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து பென்சிலால் லேசாகத் தேய்த்தால் ஒவ்வொரு எழுத்தும் மேலெழும்பி வர வேண்டும். ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

இப்போது பெயிண்டரைக் கூப்பிடலாம். சேஸ் நம்பர் மேல் பெயிண்ட் படாமல் கிரீஸ் தடவி வையுங்கள். வண்டி எடை, ஏற்றும் எடை எல்லாம் ஆர்.சி.யில் உள்ளபடி எழுத வேண்டும். ஒளிரும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு, வெயிலில் ஒட்டுங்கள். ஏற்காட்டில் காலைப் பனியில் ஒட்டியது எனக்கு ஒரே வாரத்தில் உரிந்து வந்தது. தர முத்திரை இல்லாத மலிவு ஸ்டிக்கர் ராத்திரியில் மினுங்காது, கடையில் சான்றிதழும் கேட்டு வாங்குங்கள்.

சோதனை நாளில் மலையிலிருந்து நேராக இறங்கி வரிசையில் போய் நிற்காதீர்கள். சூடேறிய லைனிங் சரியாகப் பிடிக்காது. முடிந்தால் முதல் நாளே இறங்கி விடுங்கள், இல்லையென்றால் அடிவாரத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தி டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். காலையில் வாட்டர் வாஷும் வேண்டாம், டிரம்முக்குள் தண்ணீர் போனால் பிரேக் வழுக்கும். அடிப்பக்கத்தை முதல் நாளே கழுவிவிடுங்கள். வண்டி காலியாக இருக்கட்டும், ஜாக்கியும் ஸ்டெப்னியும் தவிர வேறு சாமான் வேண்டாம்.

உங்கள் வண்டியை இன்ஸ்பெக்டர் பார்ப்பாரா, மெஷின் பார்க்குமா என்று நாள் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தானியங்கி சோதனை நிலையங்களுக்கு 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அங்கே சக்கரங்களை உருளை மேல் ஏற்றி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது, இடதுக்கும் வலதுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தனித்தனியாகக் கணக்கெடுக்கும். போன வருஷம் என் வண்டி ஒரு பக்கம் இழுத்ததே, அந்த மாதிரிக் கோளாறு அதில் எண்ணாகவே வந்துவிடும். ஹெட்லைட் வெளிச்சம் எந்த உயரத்தில் விழுகிறது, சக்கரம் பக்கவாட்டில் எவ்வளவு சறுக்குகிறது, புகை எவ்வளவு என்பதற்கும் தனித்தனி கருவி உண்டு. டீசல் வண்டி புகை தள்ளினால் முதலில் ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், புகை போகவில்லையென்றால் டீசலைப் பீய்ச்சும் நாசிலை சர்வீஸ் செய்யுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு சோதனைக்கு விடுங்கள்.

ஏதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்பினால் வாக்குவாதம் செய்யாமல், என்ன குறை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை அப்படியே மெக்கானிக்கிடம் கொடுத்தால் அவர் அலைய வேண்டியதில்லை. நான் வாங்கி வந்த தாளில் “பின் இடது பிரேக்” என்று மூன்றே வார்த்தைதான் இருந்தது.

சான்று கைக்கு வந்ததும் வண்டி நம்பர், சேஸ் நம்பர், தேதி மூன்றையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள், தப்பிருந்தால் அன்றைக்கே சொல்வது சுலபம். இரண்டு நாள் கழித்து எம்பரிவாஹன் செயலியிலும் புதுத் தேதி ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு, பாடியில் பழைய எஃப்.சி. தேதியை அழித்துப் புதுசை எழுதச் சொல்லுங்கள். ஃபோனில் அந்தத் தேதிக்கு ஒரு மாசம் முன்னால் அலாரம் வைக்கும்போது, “மெக்கானிக்” என்று பெயர் போட்டு வையுங்கள்.