பழைய ஹீரோ இம்பல்ஸ் பைக்ல ட்ரையல்ஸ் பழகணும்னா

ட்ரையல்ஸ்னா பாறை, மேடு மேல கால் ஊனாம பைக் ஓட்டற போட்டி. கிருஷ்ணகிரி பக்கம் பாறைக்கு பஞ்சமே இல்ல, ஆனா கோட்டை மலையிலயோ காட்டுக்குள்ளயோ வண்டிய ஏத்தாதீங்க, சொந்த கொல்லையில கெடக்கற குண்டுக்கல்லே போதும். ட்ரையல்ஸ்ல வேகத்துக்கு மார்க் இல்ல, ஒரு தடவ கால் ஊனினா 1 பாயின்ட் பெனால்டி, அதனால மெதுவா போறதுக்குத்தான் வண்டிய மாத்தணும். செகண்ட் ஹேண்ட் இம்பல்ஸ் வாங்கறப்ப ஆர்சி பாத்துட்டு முன் வீல தூக்கி ஹேண்டில்பார திருப்புங்க, நடுவுல தடங்குனா கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பற பேரிங்) போச்சு. ஃபோர்க்ல, அதாவது முன் ஷாக்ல, ஆயில் கசியுதான்னும் பாருங்க. இன்ஜின் பக்கம் செயின் மாட்டற பல் சக்கரம், அதான் முன் ஸ்ப்ராக்கெட், அதுல ஒரு பல்லு கம்மி பண்ணாலே க்ளட்ச்ச எரிக்காம ஏறும், கம்மி செலவுல இதவிட பெரிய வித்தியாசம் எதுலயும் கெடைக்காது. அசல் ட்ரையல்ஸ் வண்டிக்கு பின் டயர்ல 4, 5 பிஎஸ்ஐ காத்துதான் வைப்பாங்க, அத பாத்து ட்யூப் டயர்ல எறக்கிட்டா டயர் ரிம்ல வழுக்கி வால்வு பிச்சுக்கும், டயர ரிம்மோட இறுக்கிப் பிடிக்கற ரிம் லாக் இல்லாம அத செய்யவே வேணாம், திரும்ப ரோட்ல ஏறுறதுக்கு முன்ன காத்து அடிச்சுருங்க.